"பட்டுன்னு சொல்லிடுவேன்" என்பவர்களுக்கும், அதைக் கேட்டுப் புண்பட்டவர்களுக்கும்

"நான் எதையும் மனசுல வச்சுக்க மாட்டேன், பட்டுன்னு சொல்லிடுவேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவர் எல்லோருடைய வட்டத்திலும் இருப்பார். அவர் சொல்வது உண்மைதான், சொல்லி முடித்த பிறகு அவர் மனதில் ஒன்றும் இருக்காது, கேட்டவர் மனதுக்கு அது இடம் மாறியிருக்கும். சொன்னவர் நிம்மதியாகத் தூங்குவார், கேட்டவர் புரண்டு புரண்டு படுப்பார். இதற்கு நேர் எதிரான ஆளும் உண்டு. எதற்கு வம்பு என்று எதையுமே நேரில் சொல்லாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, அப்புறம் நாலு பேரிடம் போய்ப் புலம்புகிறவர். முதல் ஆள் தன்னை நேர்மையானவர் என்று நினைக்கிறார், இரண்டாம் ஆள் தன்னைப் பண்பானவர் என்று நினைக்கிறார். எனக்கென்னவோ இரண்டு பேரும் ஒரே குழப்பத்தில் இருப்பதாகத்தான் படுகிறது. 'இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா' என்பது ஒரு கேள்வி. 'இதை இங்கே, இவரிடம், இப்படிச் சொல்லலாமா' என்பது வேறு கேள்வி. ஒன்றுக்குக் கிடைத்த பதிலை எடுத்து இன்னொன்றுக்குப் போட்டுக்கொள்வதில்தான் முக்கால்வாசிச் சண்டை ஆரம்பிக்கிறது. அதனால் இரண்டையும் பிரித்தே பார்ப்போம்.

உரிமை எதுவரை?

பெரும்பாலும் உங்களுக்கு உரிமை இருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். 1948 டிசம்பர் 10 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் 19-ஆம் பிரிவு, கருத்து வைத்திருக்கவும் அதை வெளியே சொல்லவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்கிறது. 1966-ல் வந்த குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையும் இதையே சொல்லிவிட்டு, இந்த உரிமையோடு சிறப்புக் கடமைகளும் பொறுப்புகளும் சேர்ந்தே வருகின்றன என்று கூடுதலாக ஒரு வரி போடுகிறது. எதற்காகக் கட்டுப்படுத்தலாம் என்ற பட்டியலும் அங்கேயே இருக்கிறது: பிறருடைய உரிமைகள், பிறருடைய நற்பெயர், நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், பொது ஒழுக்கம். அதுவும் சட்டமாக எழுதியிருக்க வேண்டும், உண்மையிலேயே தேவையாகவும் இருக்க வேண்டும், ஒரு அதிகாரிக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக முடியாது. இதே உடன்படிக்கையில் அடுத்து வரும் 20-ஆம் பிரிவு, இன, மத வெறுப்பைக் கிளப்பிப் பாகுபாட்டுக்கோ பகைமைக்கோ வன்முறைக்கோ தூண்டும் பேச்சைச் சட்டம் தடுக்க வேண்டும் என்கிறது.

அந்தப் பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். 'கேட்டவர் மனம் நொந்தது' என்று அதில் எங்கும் இல்லை. 1976-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், ஹேண்டிசைட் என்ற பதிப்பாளர் பிரிட்டனுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் இதை வெளிப்படையாகவே சொன்னது: எல்லோருக்கும் பிடித்த கருத்துக்கு மட்டுமல்ல, புண்படுத்துகிற, அதிரவைக்கிற, நிம்மதியைக் குலைக்கிற கருத்துக்கும் சேர்த்துத்தான் பேச்சுரிமை. (வேடிக்கை என்னவென்றால், இப்படி எழுதிய அதே தீர்ப்பில் வழக்குத் தொடுத்தவர் தோற்றுப்போனார்.) ஆகவே "எனக்கு வலித்தது, அதனால் நீ அதைச் சொல்லியிருக்கவே கூடாது" என்ற வாதம் அவ்வளவு தூரம் நிற்காது. வலிக்கிற உண்மைகள் நிறைய இருக்கின்றன.

சரி, இப்போது பட்டுன்னு பேசுகிறவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வதற்கு முன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த உரிமை முதன்மையாக அரசாங்கத்தைப் பார்த்துக் கேட்கும் உரிமை. உங்கள் கருத்துக்காக உங்களைப் பிடித்து உள்ளே போடக்கூடாது என்பதுதான் அதன் மையம். உங்கள் நண்பர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றோ, உங்கள் தங்கை பதில் பேசக்கூடாது என்றோ, அடுத்த தடவையும் உங்களைக் கூப்பிட வேண்டும் என்றோ எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நீங்கள் ஒன்று சொன்னீர்கள், அதற்கு நாலு பேர் மறுப்புச் சொன்னார்கள் என்றால் உங்கள் பேச்சுரிமை எங்கேயும் பறிபோகவில்லை, அவர்களும் தங்கள் பேச்சுரிமையைத்தான் பயன்படுத்தினார்கள். "ஏன், எனக்குப் பேச உரிமை இல்லையா?" என்று ஒருவர் கேட்கும்போது, சொன்ன விஷயத்துக்கு ஆதரவாக வேறு வாதம் எதுவும் அவர் கையில் மிச்சமில்லை என்று நான் எடுத்துக்கொள்வது வழக்கம்.

அதே சொல், வேறு இடம்

ஒரு சொல் எந்த அளவுக்கு ஆபத்தானது என்பதை அந்தச் சொல்லை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. 1859-ல் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் இதற்கு ஓர் உதாரணம் சொன்னார். தானிய வியாபாரிகள் ஏழைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று பத்திரிகையில் எழுதுங்கள், யாரும் தடுக்கக்கூடாது. ஆனால் ஒரு வியாபாரியின் வீட்டு வாசலில் ஆத்திரத்தோடு கூடி நிற்கும் கும்பலிடம் அதையே சொன்னால் தண்டிக்கலாம் என்றார். இரண்டு இடத்திலும் கருத்து ஒன்றுதான். முதல் இடத்தில் அது விவாதம், இரண்டாவது இடத்தில் அடிக்கச் சொல்லும் உத்தரவு.

வெறுப்புப் பேச்சை எப்படி எடைபோடுவது என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கூட்டிய வல்லுநர்கள் 2012-ல் மொராக்கோவின் ரபாத் நகரில் ஒரு செயல்திட்டத்தை உருவாக்கினார்கள். அதில் ஆறு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள்: சூழல் என்ன, பேசியவர் யார், அவருடைய நோக்கம் என்ன, பேச்சின் உள்ளடக்கமும் வடிவமும் எப்படி, எத்தனை பேரை எட்டியது, அதனால் உடனடியாகத் தீங்கு நடக்க எவ்வளவு வாய்ப்பு. இது குற்ற வழக்குகளுக்காக, அதுவும் ரொம்ப உயரமாக வைத்த அளவுகோல். இருந்தாலும் அந்த ஆறு கேள்விகளை வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் ஏற்றபடி சுருக்கிக்கொண்டால் கச்சிதமாகப் பொருந்துகின்றன. குறிப்பாக 'பேசியவர் யார்' என்பதை நாம் சுத்தமாக மறந்துவிடுகிறோம். புதிதாகச் சேர்ந்த பெண் தன் மேலாளரின் வழுக்கையைக் கிண்டல் செய்வதும், மேலாளர் அந்தப் பெண்ணின் உச்சரிப்பைக் கிண்டல் செய்வதும் ஒன்றல்ல. முன்னதில் மேலாளருக்குப் போவது கொஞ்சம் கெத்து. பின்னதில் அந்தப் பெண் அடுத்த கூட்டத்தில் வாயே திறக்க மாட்டாள். ஆளும் இடமும் மாறினால் ஒரே நக்கலின் எடை இவ்வளவு மாறுகிறது.

வாயைத் திறப்பதற்கு முன்

முதல் வேலை, சொல்ல வந்த விஷயத்தையும் சொல்லும் விதத்தையும் பிரிப்பது. விஷயத்தில் சமரசம் வேண்டாம், விதத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கி வரலாம். ஒரு வாக்கியத்தை எடுத்துப் பிரித்துப் பார்த்தால் இது புரியும். கூட வேலை செய்கிற ஒருவர் ஓர் அறிக்கை எழுதிக் கொண்டுவருகிறார், கணக்கு தப்பாக இருக்கிறது. பட்டுன்னு பேசுகிறவரின் வாயில் வருவது:

"இதை யாருப்பா எழுதினது, ஸ்கூல் பையனா?"

இதில் தகவல் எவ்வளவு இருக்கிறது? பூஜ்யம். எந்தப் பக்கம், எந்த எண், என்ன தப்பு, எதுவும் இல்லை. இருப்பது எல்லாம் எழுதியவரின் மீதான தீர்ப்பு மட்டும். இனி சிலர் பண்பாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொல்வது:

"நல்லாத்தான் இருக்கு, இன்னும் கொஞ்சம் பாத்திருக்கலாம்."

யாரையும் குத்தவில்லை, ஆனால் இதிலும் தகவல் பூஜ்யம்தான். தப்பான கணக்கு அப்படியே மேலே போகும், நாளைக்கு மாட்டிக்கொள்ளப் போவது அந்த மனிதர்தான். அப்படியானால் இதை மரியாதை என்று எப்படிச் சொல்வது? இப்போது மூன்றாவது:

"மூணாம் பக்கத்துல இருக்கற மொத்தத் தொகை, முதல் பக்கத்துல இருக்கறதோட ஒத்துப்போகல. இதை வச்சுத்தான் அடுத்த மாசத் திட்டம் போடப்போறாங்க, அதனால இன்னிக்கே சரிபண்ணிடுங்க."

முதல் வாக்கியத்தைவிட இதுதான் கறாரானது. மழுப்பவில்லை, தப்பு தப்புதான் என்கிறது, காரணமும் கெடுவும் கொடுக்கிறது. ஆனால் ஆள் தொடப்படவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள், மூன்றாவதைச் சொல்வதற்கு அறிக்கையை உட்கார்ந்து படித்திருக்க வேண்டும். முதலாவதைச் சொல்ல அட்டையைப் பார்த்தால் போதும். திட்டுவது துணிச்சலான வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், உண்மையில் அது பெரும்பாலும் சோம்பேறித்தனம்.

சொல்வதற்கு முன் உங்களையே கேட்டுக்கொள்ள இன்னும் சில விஷயங்கள் இருக்கின்றன. நான் சொல்லப்போவதை வைத்து அந்த ஆளால் ஏதாவது செய்ய முடியுமா? நிறம், உயரம், திக்குவாய், பிறந்த குடும்பம், முடிந்துபோன ஒரு தோல்வி, இதையெல்லாம் சொல்லிக் காட்டினால் அவர் என்ன செய்துவிட முடியும்? ஒன்றும் முடியாது என்றால் அதற்குப் பெயர் விமர்சனம் இல்லை, குத்திக் காட்டுவது. அடுத்து, 'எப்பவுமே', 'ஒருநாளாவது', 'நீ என்னிக்குத்தான்' என்று ஆரம்பிக்கும் வாக்கியங்களைத் தயவுசெய்து விழுங்கிவிடுங்கள். நேற்று நடந்த ஒரு தப்பைப் பேச வந்துவிட்டு மொத்த வாழ்க்கையையும் கூண்டில் ஏற்றினால், எதிராளி அந்த ஒரு தப்பை ஒத்துக்கொள்வதற்குக்கூட வழியில்லாமல் போய்விடும். அவர் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலையில் இறங்கிவிடுவார், நீங்கள் பேச வந்த விஷயம் அதோடு காலி.

எழுத்தில் நக்கல் வேண்டாம். நேரில் பேசும்போது முகம் இருக்கிறது, குரல் இருக்கிறது, ஒரு கண் சிமிட்டல் இருக்கிறது. எழுத்தில் இது எதுவும் போய்ச் சேராது. ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி முதலியோர் 2005-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மின்னஞ்சலில் அனுப்பும் வாக்கியம் கிண்டலா நிஜமா என்று படிப்பவர் சரியாகக் கண்டுபிடித்துவிடுவார் என அனுப்பியவர்கள் ரொம்ப நம்பிக்கையாக இருந்தார்கள். படித்தவர்களோ ஏறக்குறைய பூவா தலையா போட்டுப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேலாகச் சரியாகச் சொன்னார்கள். எழுதும்போது நம் குரல் நம் காதில் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் காரணம், படிப்பவர் காதில் அது கேட்பதில்லை. கோபத்தில் எழுதியதை உடனே அனுப்பாமல் வைத்திருந்து மறுநாள் படித்துப் பாருங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் இன்னொன்றும் சேர்த்துச் சொல்வேன், உங்களைப் பிடிக்காத ஒருவர் எழுதி உங்களுக்கு அனுப்பியதாக நினைத்து அதைப் படியுங்கள்.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது என்றால் நிறுத்திவிடுங்கள். நல்லதுக்குச் சொல்வது கேட்பவருக்கே தெரியும், முன்னுரை தேவைப்படாது.

மரியாதை என்ற பெயரில் வாயடைப்பது

இதைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை ஒருதலைப்பட்சமாக ஆகிவிடும். "மொதல்ல மரியாதையா பேசு" என்ற வார்த்தை யார் வாயிலிருந்து யாரை நோக்கி வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்த்து, அதுவும் கீழே இருப்பவர் ஓர் உண்மையைச் சொல்லிவிட்ட நேரத்தில்தான் வரும். சம்பளம் பிடித்துவிட்டார்கள் என்று ஒருவர் குரலை உயர்த்துகிறார், குரலைப் பற்றி அரை மணி நேரம் பஞ்சாயத்து நடக்கிறது, சம்பளத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அத்தைக்கும் மருமகளுக்கும் இடையிலும், ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலும், மேலாளருக்கும் ஊழியருக்கும் இடையிலும் இதேதான்.

பாதிக்கப்பட்டவர் முறையிட வரும்போது அவருடைய தொனியைத் திருத்துவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். விஷயத்தைக் கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள், "நீங்க சொன்னது இதுதானே" என்று திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள். பெரும்பாலான சமயம் அதற்குள் குரல் தானாகவே இறங்கியிருக்கும், ஏனென்றால் காது கேட்காத ஆளிடம்தான் கத்த வேண்டியிருக்கிறது. இறங்காவிட்டால் அப்புறம் "விஷயம் புரிஞ்சுது, நான் பாக்கறேன், ஆனா என்னைத் திட்டாதீங்க" என்று சொல்லலாம். முதலில் விஷயம், பிறகு தொனி. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுகிறவரிடம் மரியாதை இருக்கிறது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அவரிடம் இருப்பது அதிகாரம்.

நீங்கள் கீழே இருப்பவராக இருந்து, தொனியைக் காட்டி உங்களை ஓரங்கட்டினால் ஒரே வரியில் அதை முடித்துவிட்டு விஷயத்துக்குத் திரும்புங்கள்: "சத்தமாப் பேசினதுக்கு மன்னிச்சுடுங்க சார். பிடிச்ச சம்பளம் எப்போ வரும்?" கேள்விக்குறியோடு முடிப்பது முக்கியம். பதில் சொல்ல வேண்டிய நிலைமையில் அவரை வைக்கிறது.

கேட்க நேர்ந்துவிட்டால்

"வெறும் வார்த்தைதானே, விட்டுத் தள்ளு" என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். 2003-ல் நவோமி ஐசன்பர்கர் குழுவினர் செய்த ஒரு பரிசோதனையில், கணினியில் பந்தைத் தூக்கிப்போட்டு விளையாடும் ஓர் எளிய விளையாட்டில் ஒருவருக்கு மட்டும் பந்து வராமல் செய்தார்கள். அவ்வளவுதான், ஒரு வசவுகூட இல்லை. அப்போது அவருடைய மூளையில், உடல் வலி தரும் வேதனையோடு தொடர்புடைய ஒரு பகுதி சுறுசுறுப்பானது. முகம் தெரியாத ஆட்கள் பந்து தராததற்கே இப்படி என்றால், தெரிந்தவர் வாயிலிருந்து வரும் ஒரு சொல் சுருக்கென்று குத்துவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. உங்களுக்கு மனத்திடம் இல்லை என்று அர்த்தமும் இல்லை.

அந்த நிமிடத்தில் செய்ய வேண்டியது, முடிந்தால், ஒன்றும் செய்யாமல் இருப்பது. காது சூடாகி நெஞ்சு படபடக்கும்போது வாயில் வரும் பதில் பெரும்பாலும் எதிராளிக்கு வசதியான பதில், "பாத்தியா, எப்படிக் கத்தறான்னு" என்று அவர் உங்களைக் காட்டிவிடுவார். உள்ளுக்குள் என்ன நடக்கிறது என்று பெயர் வைத்துப் பாருங்கள்: இது அவமானம், இது கோபம், இது பயம். விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் உணர்ச்சிக்குப் பெயர் சூட்டும்போது, மிரட்சிக்குக் காரணமான அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் பரபரப்பு குறைவதை மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007-ல் காட்டியிருக்கிறார்கள்.

பிறகு, சொன்னதைப் பிரியுங்கள். அதில் உண்மை எவ்வளவு, கருத்து எவ்வளவு, வசவு எவ்வளவு? "நீ லேட்டா வர்ற, பொறுப்பே இல்ல, உருப்படவே மாட்டே" என்பதில் முதல் துண்டு சரிபார்க்கக்கூடிய தகவல், நடுத்துண்டு அவருடைய கருத்து, கடைசித் துண்டு வெறும் சாபம். முதல் துண்டு சரி என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், சொன்ன ஆளைப் பிடிக்காது என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள். இரண்டாவதை விவாதிக்கலாம். மூன்றாவதற்குப் பதில் சொல்லவே வேண்டாம், பதில் சொன்னால் அதை ஒரு வாதமாக ஏற்றுக்கொண்டது போல ஆகிவிடும்.

பதில் சொல்வது என்று முடிவெடுத்தால் எப்படி? ஒரு காட்சி. உறவினர்கள் கூடியிருக்கிறார்கள். சித்தப்பா எல்லோர் முன்னிலையிலும், "என்னம்மா, இன்னும் வேலை கிடைக்கலையா? உன் வயசுல நான் ரெண்டு பேருக்குக் கல்யாணமே பண்ணி வச்சுட்டேன்" என்கிறார். நாலு பேர் சிரிக்கிறார்கள். அந்தப் பெண் சிரித்து மழுப்பினால் அடுத்த தடவையும் இதேதான் நடக்கும். "உங்க பையன் மட்டும் என்ன கிழிச்சுட்டான்" என்று திருப்பிக் கொடுத்தால் அன்றைக்கு ஜெயிக்கலாம், அப்புறம் ஒரு வருஷத்துக்கு இவள் வாய்த்துடுக்குதான் குடும்பத்தில் பேச்சாக இருக்கும். இடையில் ஒரு வழி உண்டு:

"சித்தப்பா, நீங்க அக்கறையிலதான் கேக்கறீங்கன்னு தெரியும். ஆனா இப்படி எல்லார் முன்னாடியும் கேக்கும்போது எனக்குச் சங்கடமா இருக்கு. அப்புறமா தனியா உக்காந்து பேசலாம், எங்கெங்க போட்டிருக்கேன்னு சொல்றேன்."

அக்கறை என்று சொன்னதும் அவருக்கு முகம் காப்பாற்றிக்கொள்ள இடம் கிடைக்கிறது. சங்கடமாக இருக்கிறது என்று அவள் சொன்னது தன்னைப் பற்றித்தான், "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்ற குற்றச்சாட்டு அதில் இல்லை, அதனால் மறுக்கவும் முடியாது. கடைசியில் கதவைச் சாத்தவில்லை, வேறு கதவைக் காட்டுகிறாள். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை, இதை இரண்டு தடவை தனியாகச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனால் சமயத்தில் வரும்.

ஜாடைமாடையாகப் பேசுகிறவர்களுக்கு வேறு வைத்தியம். ஜாடைப் பேச்சு உயிரோடு இருப்பதே அதை யாரும் நேராகக் கேட்காததால்தான். "சிலருக்கெல்லாம் எவ்வளவு சொன்னாலும் உறைக்காது" என்று காற்றில் ஒரு சொல் வந்தால், கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற தொனியில், "யாரைச் சொல்றீங்க, அக்கா? எனக்கு எதாவது சொல்லணுமா?" என்று கேளுங்கள். ஒன்று, நேராகச் சொல்வார், அப்போது பேசித் தீர்க்கலாம். அல்லது "சே சே, உன்னைச் சொல்லல" என்பார், அப்போது "சரிக்கா" என்று நகர்ந்துவிடுங்கள். இரண்டில் எது நடந்தாலும் அடுத்த ஜாடை வருவதற்குக் கொஞ்சம் நாள் ஆகும்.

"சும்மா தமாஷுக்குத்தானே சொன்னேன், இதுக்குப் போய் கோவிச்சுக்கறே" என்பதற்கு: "தமாஷுன்னு தெரியும், எனக்குச் சிரிப்பு வரல. இந்த ஒரு விஷயத்தை விட்டுடுங்க." விளக்கம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். விளக்கத்தில் இறங்கினால், ஏன் வலிக்கிறது என்று நிரூபிக்க வேண்டிய வேலை உங்கள் தலையில் விழுந்துவிடும்.

பதில் சொல்லாமல் போவதும் ஒரு வழிதான், அறிமுகமே இல்லாதவர்களிடமும், வேண்டுமென்றே சீண்டுகிறவர்களிடமும் அதுவே சிறந்த வழி. ஆனால் தினமும் பார்க்க வேண்டிய ஆள் திரும்பத் திரும்ப அதையே செய்கிறார் என்றால் மௌனம் சம்மதம் போல ஆகிவிடும். அப்போது தேதி, இடம், அவர் சொன்ன அதே வார்த்தைகள், கூட இருந்தவர்கள் யார் என்று குறித்து வைக்க ஆரம்பியுங்கள். வார்த்தைகளை அப்படியே எழுத வேண்டும். "கேவலமாகப் பேசினார்" என்று எழுதினால் விசாரிக்கிறவர் "அப்படி என்ன சொன்னார்?" என்றுதான் கேட்பார். மிரட்டலும் ஆளைப் பின்தொடர்வதும் இந்தக் கணக்கிலேயே வராது, அதைப் பண்பாகப் பேசித் தீர்க்க உட்காராதீர்கள், ஆதாரத்தைப் பத்திரப்படுத்திவிட்டுப் புகார் கொடுங்கள். சாதி, மதம், நிறம் என்று ஒரு கூட்டத்தையே இழிவுபடுத்தும் பேச்சும் அப்படித்தான். அங்கே புண்படுவது உங்கள் ஒருவர் மனம் மட்டுமல்ல, அந்த இடத்தில் வாய்திறக்காமல் உட்கார்ந்திருக்கும் இன்னும் சிலரும் தங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்புறமாக வந்து தோளைத் தட்டி "எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்பது ஆறுதல்தான், ஆனால் அந்த நேரத்தில் "அண்ணே, இது வேண்டாமே" என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் அதன் மதிப்பே வேறு. சண்டை போட வேண்டாம், பேச்சை மாற்றினால்கூடப் போதும்.

சொன்னவர் நீங்கள் என்றால்

பட்டுன்னு சொல்லிவிட்டீர்கள், அவர் முகம் சுருங்கிவிட்டது. இப்போது மறுபடியும் அந்த இரண்டு கேள்விகளையும் பிரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன விஷயம் தப்பா, சொன்ன விதம் தப்பா, இரண்டுமா? விஷயம் தப்பு என்றால் அதைத் திரும்பப் பெறுங்கள், எல்லோர் முன்னிலையில் சொல்லியிருந்தால் எல்லோர் முன்னிலையிலேயே. விஷயம் சரி, விதம்தான் தப்பு என்றால் விஷயத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. "கணக்கு தப்புன்னு சொன்னதை நான் மாத்திக்கல. ஆனா ஸ்கூல் பையன்னு சொன்னது தப்பு, மன்னிச்சுடுங்க" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லலாம். மன்னிப்புக் கேட்டால் சொன்ன கருத்தும் போய்விடும் என்று பயந்துதான் பலர் மன்னிப்பே கேட்பதில்லை. இரண்டும் சரி, ஆனாலும் அவருக்கு வலித்தது என்றால், மன்னிப்பே தேவையில்லை. "இது உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு தெரியுது" என்று பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும்.

"உங்க மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சுக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த 'இருந்தா' எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது, தப்பு என் வாயில் இல்லை, உன் மனசில்தான் என்று அர்த்தமாகிறது. 'ஆனா நீ மட்டும்' என்று இழுப்பதும் அதே ரகம். என்ன சொன்னீர்களோ அந்த வார்த்தையைக் குறிப்பிட்டு, அது தப்பு என்று சொல்லி, அங்கேயே நிறுத்துங்கள். அவர் உடனே "பரவால்ல, விடுங்க" என்று சொல்லியே ஆக வேண்டும் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், அவருக்குச் சில நாள் ஆகலாம், மன்னிக்காமலே போகவும் செய்யலாம். திரும்பத் திரும்பப் போய், "இன்னும் கோவமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தால், உங்களைச் சமாதானப்படுத்தும் வேலையும் சேர்ந்து அவர் தலையில்தான் விழும்.